காப்பீடு வருவதற்கு முன்னால் ஒரு கூரைக் கொட்டகை

கிளியூர் என்றதும் ஏற்காடு அருவிதான் ஞாபகம் வரும். அந்தச் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களேதான், கிழக்கே தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி பள்ளத்தாக்கிலும் வாழ்கிறார்கள். நான் சொல்ல வந்தது அங்கே நடந்த கதை.

1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போனார்கள். அப்போது அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஆபரேஷன் என்றால் மலையைத் தாண்டி வெகுதூரம் ஓட வேண்டும். பஸ் செலவுக்கே கடன் வாங்க வேண்டிய ஜனங்கள்!

ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு கூரைக் கொட்டகை போட்டார்கள். வைத்தியம், பிரசவம் எல்லாம் அதற்குள்தான். நர்ஸுக்கு எங்கே போவது? அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பின்னாளில் அந்த 147, இருபதை ஒட்டி இறங்கியது.

தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009ல்தான். காமர்ஸ் படிக்கிற எனக்கு ஒன்று தோன்றுகிறது. காப்பீடு, 'பில்லை யார் கட்டுவது?' என்று பார்க்கிறது. சிட்லிங்கியோ பில்லையே சின்னதாக்கியது. கையில் காப்பீட்டு அட்டை இருந்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே...