உப்புக் காற்றில் ஓர் ஆர்கன்

பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்திற்குள் நுழைகின்றவர் ஒருபுறம் ஏரியையும் மறுபுறம் வங்கக் கடலையும் காண்பார். இரண்டிலும் உப்பு, இரண்டிற்கும் நடுவே வீசும் காற்றிலும் உப்பு. சன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் இங்கே விரைவில் முதுமை அடைகின்றன. இத்தகைய ஊரில், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பழைய மின்னணு ஆர்கன் ஒன்று நிற்கின்றது. நகரத்து ஆலயமொன்று புதிய கீபோர்டு வாங்கியபோது கழித்துவிட்டதை அவர் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். மூட்டுவலியால் ஆலயத்திற்கு வர இயலாத நாள் முதல், ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டில் கூடிச் செபிப்பதும், அவர் வாசிக்க அவர்கள் பாடுவதும் வழக்கமாயிற்று.

அந்த ஆர்கன் ஒருநாள் ஊமையாயிற்று. மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களையும் ஊரார் வானொலிப் பெட்டிகளையும் பழுதுபார்க்கின்ற அவருடைய பேரன், காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. "சாமி, நீங்க குருமடத்துல ஆர்மோனியம் படிச்சவங்க. ஒருக்கா வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஆளனுப்பினார். எனக்கு வாசிக்கத் தெரியுமேயன்றிப் பழுதுபார்க்கத் தெரியாது. ஆயினும் சென்றேன். அதனால் இந்தக் கருவியின் வரலாற்றையும் சற்றே தேடிப் படிக்க நேர்ந்தது.

ஆர்கன் என்றாலே அது திருச்சபையின் சொத்து என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிதேசிபியுஸ் என்ற பொறியாளர் நீரின் அழுத்தத்தால் குழல்களுக்குள் காற்றைச் செலுத்தும் கருவியை அமைத்தார். உரோமையர் அதனைக் கேளிக்கை அரங்குகளில் ஒலிக்கச் செய்தனர். 757ஆம் ஆண்டு பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்கு அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதுவும் அரண்மனைக்கு வந்த பரிசேயன்றி ஆலயத்திற்கு வந்ததன்று. பின்னரே துறவற மடங்களின் வழியாக அது படிப்படியாய் வழிபாட்டினுள் இடம்பெற்றது.

இடம்பெற்ற பின்னும் வழக்கு ஓயவில்லை. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரரின் தாயகத்திலேயே இந்த வழக்கு நடந்தது. அவர்களது சீர்திருத்தச் சபையின் டோர்டிரெக்ட் மன்றம் 1574இல் வழிபாட்டில் ஆர்கன் வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்றது. 1641இல் கவிஞரும் அரசவைச் செயலருமான கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், திருப்பாடல்களைச் சபையார் பாடும்போது ஆர்கன் துணைநிற்க வேண்டுமென்று ஒரு நூலே எழுதி வெளியிட்டார். கெல்டிரியாவில் டச்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது.

நம் பக்கம் வருவோம். 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியாவின் திருநாளில், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, பியானோவையும் மேளம் முதலான ஆரவாரக் கருவிகளையும் ஆலயத்திலிருந்து விலக்கியது. குழல் ஆர்கனுக்கே முதலிடம் தந்தது. ஆனால் குழல் ஆர்கன் வாங்க நம் கடலோரப் பங்குகளுக்கு வசதி ஏது? நமக்கு வாய்த்தது ஆர்மோனியம். 1840களில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமம் பெற்ற அந்தக் கருவி, காலால் துருத்தி மிதித்து நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதாய் இருந்தது. அதனைத் தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால் வாசிக்கும் வண்ணம் மாற்றியமைத்த பெருமை கல்கத்தாவின் துவாரகநாத் கோஷுக்கு உரியதாகச் சொல்லப்படுகின்றது. நம் இசைக்குரிய கமகம் அதில் எழாது என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தபோதும், நம் ஆலயங்களில் அதன் குரல் அடங்கவில்லை. அந்தக் குறை ஆர்கனுக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஆர்மோனியம் நிலைத்ததற்கு அதன் இனிமை மட்டும் காரணமன்று என்பது என் துணிபு. துருத்தி கிழிந்தால் தோல் ஒட்டலாம். பித்தளை நாக்கில் தூசி அடைத்தால் மெல்லிய தகட்டால் நீக்கலாம். ஊரிலேயே ஒருவர் அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்தது.

மின்சாரத்தால் இயங்கும் ஆர்கன் வந்தது 1935இல். அமெரிக்கரான லாரன்ஸ் ஹேமண்ட் இசைவாணரல்லர், மின்கடிகாரம் செய்தவர். கடிகாரத்திற்காகத் தாம் உருவாக்கிய, வேகம் மாறாது சுழலும் மோட்டாரைக் கொண்டு 91 பற்சக்கரங்களைச் சுழற்றி, அவற்றின் அருகே வைத்த காந்தச் சுருள்களில் சுரங்களைப் பிறப்பித்தார். குழல் ஆர்கன் செய்வோர் கொதித்தெழுந்து வாணிக ஆணையத்தில் முறையிட்டனர். குழல் ஆர்கனுக்கு ஈடானது என்ற வகையில் செய்யப்பட்ட சில விளம்பரங்களைக் கைவிடுமாறு 1938இல் ஆணை பிறந்தது. பின்னர் வால்வுகளும், டிரான்சிஸ்டர்களும், 1971இல் கணினி முறையிலான ஆர்கனும் வந்தன.

இந்தப் புதியவரை உரோமை எவ்வாறு வரவேற்றது? 1958 செப்டம்பர் 3 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இறப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன் வெளிவந்த திருஇசை பற்றிய அறிவுறுத்தலில் விடை இருக்கின்றது. சிறியதொரு குழல் ஆர்கனைக்கூடப் பெற வழியில்லாத இடத்தில் மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். தற்காலிகமாக! அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, குழல் ஆர்கனை உயர்வாய் மதித்துக்கொண்டே, வழிபாட்டிற்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. நம் நாட்டுப் பங்குகள் பலவற்றில் அந்தத் தற்காலிகக் கருவியே ஒரு தலைமுறையின் பாடல்களைச் சுமந்தது.

இனி உபதேசியாரின் கூடத்திற்குத் திரும்புவோம். முதல் மாலையில் பேரன் மின்கம்பியைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றினான். பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை வடித்த பின்னரே கைவைக்க வேண்டும் என்று என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னான். உள்ளே எலி கூடு கட்டிய தடம், வெண்ணிறமாய்ப் பூத்திருந்த உப்பு, ஒரே மாதிரியான பன்னிரண்டு சிறு போர்டுகள்.

மீண்டும் மின்சாரம் கொடுத்து அளந்தபோது மின்னழுத்தம் வந்துகொண்டிருந்தது, ஒலிதான் இல்லை. மூன்று மாலைகள் தேடினோம். கடைசியில் குற்றவாளி கால்மிதியில் அகப்பட்டான். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் அந்த மிதியினுள் ஒரு சின்னஞ்சிறு பல்பும், ஒளிபட்டால் மின்தடை குறைகின்ற ஒரு பொருளும் இருக்கின்றன. மிதியை அழுத்த அழுத்த நடுவிலிருக்கும் மறைப்பு விலகி, ஒளி மிகுந்து, ஒலியும் மிகும். பல்பு எரிந்துபோயிருந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியிலே வாழ்கின்ற ஊரில், விளக்கு அணைந்ததால் ஊமையான கருவி! பல்பை மாற்றியதும் ஆர்கன் பேசிற்று. ஆனால் பேச்சைவிட உறுமல் பெரிதாய் இருந்தது.

உறுமலுக்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனை நேர்மின்சாரமாய்த் திருத்தும்போது நொடிக்கு 100 அலைகள் எஞ்சும். அவற்றைச் சமன்செய்வது கெபாசிட்டரின் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதனுள்ளிருக்கும் ஈரப்பொருள் உலர்ந்துவிட, அலை அப்படியே ஒலிபெருக்கிக்குப் போய்விடும். அதே அளவும், அதற்குக் குறையாத மின்னழுத்தம் தாங்கும் திறனும் கொண்ட புதியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து தம்பி பற்றவைத்தான். உறுமல் அடங்கிற்று.

அடுத்தது கட்டைகள். கட்டையை அழுத்தும்போது மெல்லிய கம்பி ஒன்று இன்னொன்றைத் தொடவேண்டும். உப்பு படிந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் சுரம் கரகரத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமே என்றேன். மேற்பூச்சு போய்விட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று தம்பி தடுத்தான். ஆல்ககாலில் நனைத்த தாள் கீற்றை இடையே செருகி மெல்ல இழுத்தெடுப்பதே முறை. அறுபதுக்கும் மேற்பட்ட கட்டைகளை அவ்வாறு நாங்கள் துடைத்தபோது, உபதேசியார் நாற்காலியில் அமர்ந்து எண்ணிக்கொண்டே வந்தார்.

எஞ்சியது நான்கு கட்டைச் சுரம். மேல் இரண்டு ஸ்தாயிகளில் அது ஒலித்தது. அதற்குக் கீழே எங்கும் இல்லை. இங்கேதான் பழைய ஆர்கனின் அமைப்பு எனக்கு விளங்கிற்று. மிக உயர்ந்த ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களை மட்டுமே அது நேராகப் பிறப்பிக்கின்றது. கீழுள்ளவை எல்லாம் மேலுள்ளதைப் பாதியாக்கிப் பெறுபவை. 440 அதிர்வு 220 ஆகி, 220 அதிர்வு 110 ஆகும். ஆகவே ஒரு கட்டை மட்டும் ஊமையென்றால் பழுது அந்தக் கட்டையின் கம்பியில். ஒரு சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஊமையென்றால் பிறப்பிடத்தில். ஓரிடத்திலிருந்து கீழே முழுவதும் ஊமையென்றால் பாதியாக்கும் சங்கிலியில், அந்த இடத்தில். ஐயத்தைத் தீர்க்கத் தம்பி இரண்டு போர்டுகளை இடம் மாற்றிச் செருகினான். பழுதும் உடன் இடம்பெயர்ந்தது. இறையியல் வகுப்பில் இத்தனை தெளிவான நிரூபணத்தை நான் கண்டதில்லை.

பழுதுபார்ப்பவர்களால் வளர்ந்த வரலாறு இக்கருவிக்கு உண்டு. 1887இல் ஜப்பானின் ஹமாமத்சு நகரப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டு ஆர்கன் பழுதுற்றபோது, மருத்துவக் கருவிகளைச் சீர்செய்துவந்த தொராகுசு யமஹா அழைக்கப்பட்டார். அதைத் திறந்து பார்த்தவர் தாமே ஒன்று செய்தார். மலை கடந்து தோக்கியோவுக்குத் தூக்கிச் சென்றார். சுருதி சரியில்லை என்றனர். அங்கேயே தங்கிச் சுருதிக் கலையைப் பயின்று, மறுபடியும் செய்தார். யமஹா நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

இன்னொருவர் நம் இனத்தார், பங்குத்தந்தை. பிலிப்பைன்சில் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற லாஸ் பின்யாஸ் என்ற கடலோரப் பங்கில், தந்தை தியேகோ செரா 1816இல் மூங்கிலால் ஆர்கன் செய்யத் தொடங்கினார். பூச்சி அரிக்காதிருக்க மூங்கில்களைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். 1824இல் முடிந்த அந்த ஆர்கனின் 1,031 குழல்களில் 902 மூங்கில். நிலநடுக்கமும் புயலும் சிதைத்த அதனை 1973இல் ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பிச் செப்பனிட்டு, 1975இல் திரும்பப் பெற்றனர். இன்றும் அது ஒலிக்கின்றது. உப்பு மணல் மூங்கிலைக் காத்தது. உப்புக் காற்று நம் கம்பியை அரிக்கின்றது.

புதிய கீபோர்டுகளை நான் இகழவில்லை. எடை குறைவு, விலை குறைவு, சுருதியை ஒரு பொத்தானால் மாற்றலாம். ஆயினும் அவற்றுள் பலவற்றில் ஒரே போர்டில் எல்லாம் அடங்கிவிடுவதால், பழுதென்றால் அந்தப் போர்டையே மாற்றவேண்டும். அது கிடைக்காவிட்டால் கருவியே போயிற்று. பழைய ஆர்கனின் பன்னிரண்டு போர்டுகளில் ஒன்று செத்தாலும் பதினொன்று வாழும்.

நான்கு கட்டையைப் பாதியாக்கும் ஐ.சி. ரிச்சி தெருவில் அகப்படவில்லை. அதன் தயாரிப்பு நின்று பல்லாண்டு ஆயிற்றாம். எண்ணைச் சீட்டில் எழிதி, கடைகடையாய்க் கொடுத்து வைத்திருக்கிறான் தம்பி. அதுவரை உபதேசியார் ஒரு கட்டையில் வாசித்துவந்த பாடல்களை இரண்டு கட்டைக்கு உயர்த்தி வாசிக்கின்றார். அந்தச் சுருதியில் நான்கு கட்டைச் சுரம் பெரும்பாலும் வேண்டியிராது. பெண்கள் எளிதாய்ப் பாடிவிடுகிறார்கள். ஆண்கள்தாம் மேல் ஸ்தாயியில் திணறுகிறோம்.