பிரெஞ்சுப் பாணி, டச்சுப் பூக்கள்

பழைய மரச்சாமான்களின் ஏல விவரப் புத்தகங்களைப் புரட்டினால் 'பிரெஞ்சுப் பாணியில் டச்சு மார்க்கெட்ரி' என்ற வர்ணனை அடிக்கடி கண்ணில் படும். வளைந்த கால்கள், முன்பக்கம் புடைத்த இழுப்பறைப் பெட்டி, அதன் மேலெல்லாம் மரத்தாலேயே ஆன டூலிப்பும் ரோஜாவும். பிரான்ஸ்காரன் கண்டுபிடித்தான், ஹாலந்துக்காரன் காப்பியடித்தான் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். விஷயம் அவ்வளவு நேராக இல்லை என்பதுதான் என்னை இதில் இழுத்தது.

முதலில் தொழில்நுட்பம். மைசூர் வேலைப்பாட்டில் பலகையைக் குடைந்து, அந்தக் குழியில் வேறு மரத்தைப் பதிப்பார்கள். மார்க்கெட்ரியில் குழியே கிடையாது. மெல்லிய வெனீர்த் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்ணிய ரம்பத்தால் சேர்த்து அறுத்தால், பூவும் அது உட்கார வேண்டிய இடமும் ஒரே அறுப்பில் கிடைத்துவிடும். இதழோரத்தில் நிழல் வேண்டுமா, அந்தத் துண்டைச் சுடுமணலில் செருகிக் கொஞ்சம் கருக்குவார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, ஓக் மாதிரியான மரத்தில் செய்த பெட்டியின் மேல் வஜ்ஜிரம் போட்டு ஒட்டிவிடுவார்கள்.

பாரிஸில் இந்தப் பூவேலையை அரசவை வரை கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பியர் கோல். அவர் பிறந்தது சுமார் 1620இல், ஹாலந்தின் பெர்கன் என்ற ஊரில். இளவயதிலேயே பாரிஸ் போய், பதினான்காம் லூயியின் தச்சராக உயர்ந்தார். 1662 வாக்கில் மன்னரின் தம்பி வீட்டுக்காக அவர் செய்த, தந்தப் பின்னணியில் பூக்கள் பதித்த அலமாரி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, 'பிரெஞ்சு' என்று நாம் சொல்வதன் தொடக்கத்திலேயே ஒரு டச்சுக்காரர் நிற்கிறார்.

1685இல் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த சமய உரிமையை ரத்து செய்தார். கைவேலை தெரிந்த ஆளுங்க கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி ஹாலந்து வந்தவர்களில் ஒருவர் வடிவமைப்பாளர் டேனியல் மாரோ. ஆரஞ்சு வில்லியமின் ஹெட் லூ அரண்மனை உள்ளலங்காரத்தில் லூயி காலத்துப் பாணி நுழைந்தது இவர் வழியாகத்தான். அதே தலைமுறையில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் மெக்கரன், ஓவியங்களில் வருவது போன்ற பூங்கொத்துகளை அலமாரிக் கதவு முழுக்க மரத்திலேயே விரித்தார்.

அடுத்த நூற்றாண்டில் இன்னொரு திருப்பம். பாரிஸ் சாமான்கள் மீது டச்சுப் பணக்காரர்களுக்கு அப்படியொரு மோகம். பிழைப்பு போகிறதே என்று ஆம்ஸ்டர்டாமின் தச்சர் சங்கம் போராடி, 1771இல் வெளிநாட்டு மரச்சாமான்களின் இறக்குமதிக்குத் தடை வாங்கியது. மோகம் போனதா என்றால், இல்லை. உள்ளூரிலேயே பிரெஞ்சுப் பாணியில் செய்துகொடுத்தவர்களுக்கு யோகம் அடித்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் போங்கன், ஹேக் நகரில் மத்தைஸ் ஹோரிக்ஸ். இரண்டு பேருமே ஜெர்மன் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஹோரிக்ஸ் தன் கடைக்கே பாரிஸின் பெயரைச் சேர்த்துத்தான் பலகை மாட்டியிருந்தார். தடை காத்தது உள்ளூர்ப் பட்டறையை. பாணிக்கு எல்லைச் சாவடி கிடையாது.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் புகுந்தார்கள். பூ இருந்தால் விலை கூடும் என்பதால், நூறு வருடம் வெறுமையாக இருந்த பழைய டச்சுச் சாமான்கள் மேல் புதிதாகப் பூவேலை செய்து விற்றார்கள். சாமான் நிஜமாகவே பழசு, பூ மட்டும் புதுசு. இதைப் போலி என்பதா, மராமத்து என்பதா?

இந்தத் தச்சர்களுக்குப் பிரெஞ்சில் 'எபெனிஸ்ட்' என்று பெயர்; எபனி என்கிற கருங்காலியிலிருந்து வந்த சொல். ஐரோப்பாவுக்குக் கருங்காலியைக் கொண்டுவந்த கப்பல்களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் உண்டு. இலங்கையிலிருந்தும் வந்தது, மொரீஷியஸிலிருந்தும் வந்தது. மொரீஷியஸ் காடுகளில் அதை வெட்டியவர்களில் மடகாஸ்கரிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். பாரிஸ் தச்சர்கள் தங்கள் பெயரை மரத்தில் முத்திரையாக அடிக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சட்டம் வந்தது. 'பி.வி.ஆர்.பி.' என்ற ஒரு முத்திரைக்குச் சொந்தக்காரர் டச்சுப் பூர்வீகமுள்ள வான் ரைசன்பர்க் என்று 1957இல் கண்டுபிடித்தார்கள். நான்கு எழுத்து இருந்ததால் தேட முடிந்தது. மரம் வெட்டியவர்களைத் தேட அந்த நான்கு எழுத்துகூட இல்லை.