எபிசோட்: மூணு மணி நேரம் ஸ்கூல், மீதி நேரம்?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போற ரோட்டில் பருத்திப்பட்டு வழியா போயிருந்தீங்கன்னா, ஏரியைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அதோட இன்னொண்ணும் கண்ணில் பட்டிருக்கும்: கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கிற ஸ்கூல் அட்மிஷன் போர்டுகள். அபாகஸ், ரோபாட்டிக்ஸ், கராத்தே, கீபோர்டு, செஸ்னு லிஸ்ட் போகும். எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு! பாடம் நடத்துவோம்னு மட்டும் ஒரு போர்டிலும் இருக்காது.

பாடத்துக்கு வெளியே ஒரு பிள்ளை என்ன கத்துக்கணும்னு யார் முடிவு பண்றது? இன்னைக்கு இது ஃபீஸ் சம்பந்தப்பட்ட விஷயம். எழுபது வருஷம் முன்னாடி இதே கேள்வி ஒரு முதலமைச்சரின் நாற்காலியையே ஆட்டியது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். அப்போதைய நிலைமையைப் பாருங்க. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு பேர்தான். பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள் ஏராளம். ஆசிரியர்கள், கட்டடங்கள், பணம் எல்லாமே பற்றாக்குறை. இதற்கு அவர் கண்டுபிடித்த வழி 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அமலுக்கு வந்தது. ஒரு நாளை இரண்டு ஷிஃப்ட்டாகப் பிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. அதே கட்டடம், அதே வாத்தியார், ஆனால் இரண்டு மடங்கு பிள்ளைகள். நம்ம பாஷையில் சொன்னா, புது சர்வர் வாங்காமலே கெப்பாசிட்டியை டபுள் பண்றது.

மீதி நேரத்துக்கு? பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம், ஊரில் இருக்கும் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றது திட்டம். காந்தி 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகப் படிப்பதைப் பற்றித்தான் பேசியது. அதனால் ராஜாஜி தரப்புக்கு இது நியாயமாகவே பட்டது. இன்னைக்கு ஒரு ஸ்டார்ட்அப் இதையே 'ஹேண்ட்ஸ் ஆன் லேர்னிங்'னு பெயர் வச்சு வித்தா நாமளும் வாங்குவோம்.

இங்கேதான் சிக்கல். சாஃப்ட்வேரில் டீஃபால்ட்னு ஒண்ணு இருக்கு. யாரும் எதையும் மாத்தலைன்னா தானா வந்து உட்காருற மதிப்பு. இந்தத் திட்டத்தில் மீதி நேரத்தின் டீஃபால்ட் 'அப்பாவின் தொழில்'. அந்த ஊரில் அப்பாவின் தொழில் என்ன என்பதைத் தீர்மானித்தது சாதி. வக்கீல் வீட்டுப் பிள்ளை மத்தியானம் வீட்டுக்குப் போனால் புத்தக அலமாரி இருக்கும். துணி வெளுப்பவர் வீட்டுப் பிள்ளை போனால்? பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் திட்டத்தின் அரசுப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்க தாத்தா அப்போ மூணாம் வகுப்பு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அவருக்குக் காலை ஷிஃப்ட். மணி அடிச்சதும் நேரா துணி துவைக்கிற துறைக்குத்தான் போவாராம். "நீங்க என்ன கத்துக்கிட்டீங்க தாத்தா?"ன்னு கேட்டேன். "புதுசா என்னத்தடா கத்துக்கிறது? அதான் அஞ்சு வயசுலயே தெரியுமே"ன்னார். அந்தத் திட்டத்தைப் பத்தி நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இதைவிடத் தெளிவா சொல்லலை.

இன்னொரு விஷயமும் கவனிங்க. திட்டம் கிராமங்களுக்கு மட்டும்தான். சென்னை நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. இன்னைக்கு ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் பருத்திப்பட்டு, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஒரு கிராமம். எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தாய் என்பதை வைத்து உன் மத்தியானம் முடிவானது.

1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டம். அதே மாதம் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொல்லி வந்த தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சரிசமம்! பிறகு பருலேகர் தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள். திட்டத்தின் அடிப்படை சரி என்றே அந்தக் குழு சொன்னது. ஆனால் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ராஜாஜியின் சொந்தக் கட்சியிலேயே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1954இல் அவர் பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கு எட்டு மாதம் கழித்து, 1955 ஜனவரியில், பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலேயே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1956இல் காமராஜர் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. ராஜாஜி மத்தியானத்தில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார், காமராஜர் அதே மத்தியானத்தில் சோறு போட்டுப் பள்ளியிலேயே உட்கார வைத்தார். இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான், காசில்லாத அரசாங்கம்.

'செய்து கற்பது' தப்பான யோசனை இல்லை. அது ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி மாதிரியைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அட்டைகள், பாய், பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை. உங்களில் சிலர் அந்த அட்டையில் படிச்சவங்களாகவே இருப்பீங்க. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்து, சாயங்கால நேரத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. ஒரு பிள்ளை பறையும் அடிக்கலாம், வீணையும் வாசிக்கலாம். எதுவுமே அவங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு கேட்கிறதில்லை.

அதனால் ஒரு எக்ஸ்ட்ரா கிளாஸைப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான். இந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காத எதையாவது இது காட்டுதா? ரோபாட்டிக்ஸ் கிளாஸ், ஏற்கெனவே வீட்டில் லேப்டாப் இருக்கிற பிள்ளைக்கு மட்டும்தான்னா, அதுவும் ஒரு வகையில் அப்பாவின் தொழிலைப் பழகுறதுதான். என்ன, ஃபீஸ் கட்டிப் பழகுறோம்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க வீட்டுத் தாத்தா, பாட்டிகிட்ட "ஸ்கூல் விட்டு வந்து என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.