தலைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு: ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமானப் பயணமும் கரியமில வாயுவும்

ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் சூழலியல் நோக்கில் தமக்கு ஆதரவாக முன்வைக்கும் முதன்மைச் சான்று இது: ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்வதில் தாங்கள் உமிழும் கரியமில வாயு மற்ற நிறுவனங்களைவிடக் குறைவு. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் வளிமண்டலம் தலைக்கணக்குப் பார்ப்பதில்லை. தலைக்கணக்கை மட்டும் நம்பிக் கொள்கை வகுத்தால் மொத்த உமிழ்வு குறையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தலைக்கணக்கு குறைவது எப்படி என்பதை அயர்லாந்தின் ரயன்ஏர் நிறுவனத்திடம் தெளிவாகக் காணலாம். போயிங் 737-800 விமானத்தில் அது 189 இருக்கைகளை அமைத்தது. வணிக வகுப்பு கிடையாது. இருக்கை சாயாது, முன்னிருக்கையின் முதுகில் பைகூட இல்லை, பாதுகாப்புக் குறிப்பு அந்த முதுகிலேயே ஒட்டப்பட்டிருக்கும். தரையிறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மீண்டும் கிளம்ப வேண்டும் என்பது அதன் கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் நிரம்புகின்றன. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும். அதைக் கூடுதல் பேருக்குப் பங்கிட்டால் ஒருவர் கணக்கில் விழுவது குறையத்தானே செய்யும்!

ஆனால் இதே ஏற்பாடுகள்தாம் கட்டணத்தையும் இறக்குகின்றன; இறங்கிய கட்டணம் முன்பு இல்லாத பயணங்களை உண்டாக்குகிறது. இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்று 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் சொன்னது இங்கும் பொருந்துகிறது. ஐரோப்பிய வான்வழிச் சந்தை 1987 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்டு, 1997-இல் முழுமையாகத் தாராளமானது. 1990-க்கும் 2019-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்னாட்டு விமான உமிழ்வு இருமடங்குக்கும் மேலாயிற்று. முழுப் பழியையும் மலிவுக் கட்டணத்தின் மேல் போடுவது நேர்மையாகாது: வருமானமும் வளர்ந்தது; 2004-இல் ஒன்றியம் விரிந்தபின் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வேலைக்குச் சென்ற போலந்துத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப இவ்விமானங்களையே நம்பினர். என்றாலும் 2018-இல் ரயன்ஏரின் உமிழ்வு ஏறத்தாழ 99 இலட்சம் டன்னை எட்டி, ஒன்றியத்தின் உமிழ்வு வணிகப் பதிவேட்டில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. பட்டியலின் மற்ற ஒன்பதும் நிலக்கரி மின்நிலையங்கள். ஐரோப்பாவிலேயே உமிழ்வு குறைந்த விமான நிறுவனம் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட அதன் விளம்பரத்தைப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020-இல் தடைசெய்தது. காட்டிய ஆதாரம் போதாது என்பது காரணம்.

கரியமில வாயுவோடு கணக்கு முடிவதுமில்லை. குளிர்ந்து ஈரம் மிகுந்த வான் அடுக்கில் விமானம் விட்டுச்செல்லும் வெண்தடங்கள் மேகமாய்ப் பரவி, புவியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. டேவிட் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விமானப் போக்குவரத்தால் விளையும் வெப்பமேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாத இத்தகைய விளைவுகளால் வருவது. விளம்பரங்களின் தலைக்கணக்கில் இதற்கு இடமே இல்லை.

இந்த மலிவு நிர்வாகத் திறமையால் மட்டும் வந்ததா? விமான எரிபொருளுக்கு வரியில்லை என்பதற்கு 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையைக் காட்டுவது வழக்கம். அதன் 24-ஆம் பிரிவு காப்பது விமானம் வந்திறங்கும்போது தொட்டியில் இருக்கும் எரிபொருளை மட்டுமே. புதிதாக நிரப்பும் எரிபொருளுக்கான விலக்கு, நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு எரிசக்தி வரி ஆணையிலிருந்தும் வருவது. பன்னாட்டு விமானச் சீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. போதாததற்கு வட்டார அரசுகள் வேறு உதவுகின்றன: பிரான்ஸின் மோன்பெலியே விமான நிலையத்தில் ரயன்ஏர் பெற்ற 85 இலட்சம் யூரோ சட்டத்துக்குப் புறம்பான உதவி என்று 2019-இல் ஐரோப்பிய ஆணையம் முடிவுசெய்து, திருப்பிச் செலுத்தச் சொன்னது. ஆக, சீட்டின் விலையில் ஒரு பகுதியைப் பொதுமக்களே செலுத்துகிறார்கள். அவர்களுள் ஒருபோதும் விமானம் ஏறாதவர்களும் உண்டு.

வரி விதித்தால் ஏழையின் பயணம் பறிபோகும் என்ற மறுப்பை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் யார் அதிகம் பறக்கிறார்கள்? கோஸ்லிங், ஹம்பே இருவரின் 2020 ஆய்வு, பயணிகள் விமான உமிழ்வில் பாதிக்கும் மேல் உலக மக்களில் 1 விழுக்காட்டினரால் நேர்வது என மதிப்பிடுகிறது. ஆகவே ஆண்டின் முதல் பயணத்துக்குச் சலுகையும், அடுத்தடுத்த பயணங்களுக்கு ஏறிக்கொண்டே போகும் தீர்வையும், அவற்றோடு எரிபொருள் வரியும் சேர்ந்ததே நியாயமான வழி. தடை உத்தரவுகளை நான் பெரிதாக நம்பவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் சேரக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று பிரான்ஸ் 2023-இல் நடைமுறைப்படுத்திய விதி, பாரிஸ் ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கான தடங்களைத்தான் தொட்டது.

ஒன்றியத்துக்குள் பறக்கும் விமானங்களின் எரிபொருள் மீது படிப்படியாக வரி விதிக்க 2021-இல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. வரி தொடர்பான சட்டத்துக்கு உறுப்பு நாடுகள் அனைத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் அது ஆண்டுக்கணக்கில் தேங்கியது. ஆனால் அது நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்நாட்டுப் பயணத்துக்கான எரிபொருளுக்குத் தனித்தும், இரு நாடுகளுக்கு இடையிலான பயணத்துக்குத் தமக்குள் உடன்பட்டும் வரி விதிக்க அந்த 2003-ஆம் ஆண்டு ஆணையே உறுப்பு நாடுகளுக்கு அனுமதி அளித்திருக்கிறது.