ஈரல் தின்று பிழைத்தவர்கள்

1849-ல் லண்டனில் தாமஸ் அடிசன் ஒரு விநோதமான சோகையைச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். ரத்தப்போக்கு இல்லை, கடும் வயிற்றுப்போக்கும் இல்லை. ஆனாலும் ஆள் வெளிறிப்போகிறார், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் எழ முடிவதில்லை, கடைசியில் புத்தியும் தடுமாறுகிறது. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களைத்தான் அது பிடித்தது. பின்னால் பெர்னிசியஸ் அனீமியா என்று பெயர் பெற்ற இந்நோய் வந்தவர் பிழைப்பது அபூர்வம்.

புத்தித் தடுமாற்றத்தை அடிசனே குறித்திருந்தும், அடுத்த முக்கால் நூற்றாண்டு மருத்துவர்களின் கண் பெரும்பாலும் ரத்தத்தின் மேல்தான் இருந்தது.

விடிவு அமெரிக்காவில் பிறந்தது, அதுவும் ஒரு தப்புக்கணக்கில். நாய்களின் ரத்தத்தை வடித்துச் சோகையாக்கிய ஜார்ஜ் விப்பிள், ஈரல் கொடுத்தால் அவை சீக்கிரம் தேறுவதைக் கண்டார். நாய்களைத் தேற்றியது ஈரலிலிருந்த இரும்புச்சத்து; மனிதர்களின் நோயோ வேறு. ஆனாலும் பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்துப் பார்த்தார்கள். 1926-ல் 45 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள்: சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். அரைவேக்காட்டு ஈரலை நாள் தவறாமல், வாழ்நாள் முழுக்கத் தின்னவேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1934-ல் மூவருக்கும் நோபல் பரிசு.

ஈரல் ஏன் வேலை செய்கிறது? அதே ஊரில் வில்லியம் காசில் செய்த சோதனையைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்காமலிருப்பது நல்லது. அவர் 300 கிராம் பச்சை மாட்டிறைச்சிக் கொத்துக்கறியைத் தின்றார். ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்தார். பதப்படுத்தி, குழாய் வழியே நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்தினார். வெறும் இறைச்சிக்கு மசியாத நோய் இதற்கு மசிந்தது. நல்ல வயிற்றில் சுரக்கும் ஏதோ ஒன்று நோயாளியிடம் இல்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது.

1940-களின் நடுவில் ஃபோலிக் அமிலம் வந்தது. மாத்திரை போட்டதும் ரத்தம் சீரானது. எல்லோரும் நிம்மதியடைந்த வேளையில் சில நோயாளிகளுக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருந்தது! ஈரலின் உண்மையான சரக்கான பி12 வைட்டமின் 1948-ல் செந்நிறப் படிகமாகக் கையில் கிடைத்த பிறகு ரத்தத்தையும் நரம்பையும் சேர்த்துக் காக்க முடிந்தது.

1988-ல் ஓர் அமெரிக்க ஆய்வு, சோகை வந்த பிறகே நரம்பு கெடும் என்ற இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 34 பேருக்குச் சோகையே இல்லை. அவர்களில் 19 பேருக்குச் சிவப்பணுக்களும் வழக்கமான அளவில்தான் இருந்தன. மறதியும் தடுமாற்றமும் முந்திக்கொண்டு வந்திருந்தன.

எல்லாச் சோகைக்கும் பி12 குறைவு காரணமல்ல. பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் ஊர்களில் எழுபது வயதுகளில் இருந்த 2,500-க்கும் மேற்பட்டோரைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013-ல் வந்தது. தொடக்கத்தில் எந்த வகைச் சோகையாவது இருந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்தது. இல்லாதவர்களில் 17 சதவீதம். மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதாலா, சிறுநீரகக் கோளாறு போன்ற வேறொன்று இரண்டையும் கூட்டிவருவதாலா என்று இந்த எண்களை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. மறதி என்று வரும் முதியவருக்கு ஹீமோகுளோபினையும் பி12-ஐயும் பார்த்துவிடுவது இப்போது வழக்கம். பி12 குறைவால் மட்டுமே மறதி வந்தவர்கள் இப்படி வருவோரில் மிகச் சிலர்தான். பி12 ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால் அவர்கள் தேற வாய்ப்புண்டு, நாள்பட்டுவிட்டால் அது கடினம்.