நரம்புக் குருத்தணுக்களில் ஸ்டீராய்டு இயக்குநீர்களின் தாக்கம்

நரம்புக் குருத்தணுக்களில் ஸ்டீராய்டு இயக்குநீர்களின் தாக்கம் என்பது, வளரும் மூளையிலுள்ள குருத்தணுக்கள் எப்போது பிரிவது, எவ்வகை உயிரணுக்களை உருவாக்குவது, எப்போது ஓய்வது என்பவற்றில் ஸ்டீராய்டு இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) செலுத்தும் செல்வாக்கைக் குறிக்கும். குறைப்பிரசவ வாய்ப்புள்ள கர்ப்பிணிகளுக்குச் செலுத்தப்படும் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகிய மருந்துகளும் செயற்கை ஸ்டீராய்டுகளே. உலகிலேயே குறைப்பிரசவங்கள் மிகுதியாக நிகழும் நாடு இந்தியா ஆகும். இங்கு 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. எனவே இத்துறை இந்திய மருத்துவத்தில் தனி முக்கியத்துவம் பெறுகிறது.

செயற்படும் முறை

ஸ்டீராய்டு இயக்குநீர்கள் கொழுப்பில் கரைபவை. இவை உயிரணுக்களுக்குள் சென்று அங்குள்ள ஏற்பிப் புரதங்களுடன் இணைகின்றன. இயக்குநீருடன் இணைந்த ஏற்பி, உட்கருவில் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் பொருந்தி மரபணுக்களின் செயற்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஏற்பி இல்லாத உயிரணு இவ்வழியில் தூண்டப்படுவதில்லை. ஆகவே இயக்குநீரின் அளவைப் போலவே, குருத்தணுவில் ஏற்பி தோன்றும் காலமும் முக்கியமானது.

பழ ஈயில் ஆய்வுகள்

இது தெளிவாக அறியப்பட்டது டிரோசோஃபிலா எனும் பழ ஈயில் ஆகும். பூச்சிகளின் தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் என்னும் ஸ்டீராய்டைப் பியூட்டெனாண்ட், கார்ல்சன் ஆகியோர் 1954இல் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தனர். காஷ்மீரைச் சேர்ந்த முபாரக் உசைன் சையது, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டோவுடன் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, புழுப்பருவத்தின் இடையில் குருத்தணுக்களில் எக்டைசோன் ஏற்பி தோன்றுவதைக் காட்டியது. அதன்பின் முதற்கட்டக் காரணிகள் மறைந்து, பிற்கட்டக் காரணிகள் தோன்றுகின்றன. இதனால் ஒரே குருத்தணு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகை நரம்பணுக்களை உருவாக்குகிறது. எக்டைசோனின் குறிப்பு தடுக்கப்பட்டால் இம்மாற்றம் முறையாக நிகழ்வதில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் இதே இயக்குநீர் குருத்தணுக்களின் ஆற்றல் வளர்சிதைமாற்றத்தை மாற்றி, அவற்றின் பிரிதலை முடிவுக்குக் கொண்டுவருகிறது என 2014இல் மற்றொரு ஆய்வு காட்டியது.

பாலூட்டிகளில்

பாலூட்டிகளில் கார்ட்டிசால் போன்ற குளுக்கோகார்ட்டிகாய்டுகள் இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டவை. தாயின் கார்ட்டிசாலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. இவ்வரண் கருவைக் காக்கிறது. ஆனால் டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் இந்நொதியால் எளிதில் செயலிழப்பதில்லை. இவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை அடைகின்றன.

பிறந்த எலிக்குட்டிகளில் குளுக்கோகார்ட்டிகாய்டுகள் சிறுமூளையின் முன்னோடி உயிரணுக்கள் பெருகுவதைக் குறைத்தன (2009). மாறாக, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித மூளைத் திசு மாதிரிகளில், பெருமூளைப் புறணியின் ஒருவகை முன்னோடி உயிரணுக்கள் மிகுந்தன என மியூனிக்கின் மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனம் 2024இல் அறிவித்தது. மூளைப் பகுதியையும் வளர்ச்சிக் காலத்தையும் பொறுத்து விளைவு வேறுபடுகிறது.

மருத்துவப் பயன்பாடு

நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர் 282 தாய்மாரிடம் நடத்தி 1972இல் வெளியிட்ட சோதனை, பிறப்பதற்கு முன் தரப்படும் பீட்டாமெத்தசோன் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலையும் இறப்பையும் குறைப்பதைக் காட்டியது. கருவின் நுரையீரலை விரைவாக முதிர்வடையச் செய்வதே இம்மருந்தின் நோக்கமாகும்.

இந்திய அரசின் நலவாழ்வுத் துறை 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி கண்ட பெண்களுக்கு டெக்சாமெத்தசோனைப் பரிந்துரைத்தது. மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைத் துணைச் செவிலியர்களே (தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள்) போடவும் அனுமதித்தது.

இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் உட்பட ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பிறப்புகளை உள்ளடக்கி 2015இல் வெளியான சோதனை எதிர்பாராத முடிவைத் தந்தது. மருந்தின் பயன்பாட்டைப் பரவலாக்கிய பகுதிகளில் பிறந்த குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 3.5 கூடியிருந்தது. மருந்து பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் மட்டுமே மிக எடை குறைந்த குழந்தைகளைப் பெற்றனர். மாறாக, இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், 2,852 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான சோதனையில் குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. இங்கு கருவின் வயது மீயொலி வருடி மூலம் உறுதிசெய்யப்பட்டிருந்தது.

நீண்டகால விளைவுகள்

2020இல் வெளியான பின்லாந்து ஆய்வு 6.7 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தது. கருவில் இம்மருந்தைப் பெற்று, ஆயினும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடையே மனநலம், நடத்தை தொடர்பான கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம், பிற காரணங்களைக் கணக்கில் கொண்டபின், இவ்வேறுபாடு இல்லை. இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது; மருந்தே காரணம் என நிறுவவில்லை.

குறைமாதக் குழந்தைக்கு இம்மருந்து உயிர் காக்கும் மருந்தாகும். நிறைமாதம் வரை கருவில் இருக்கப்போகும் குழந்தைக்கோ அந்நன்மை இன்றி, மூளைக் குருத்தணுக்கள் அயற்குறிப்புக்கு உட்படுவது மட்டுமே எஞ்சுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, கருவின் வயது சரியாகக் கணிக்கப்பட்டிருத்தல், ஏழு நாட்களுக்குள் குறைப்பிரசவம் நிகழும் வாய்ப்பு மிகுந்திருத்தல், தாய்க்குத் தொற்று இல்லாதிருத்தல், குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதி இருத்தல் ஆகியவற்றை நிபந்தனைகளாக வைக்கிறது.