ஃப்ரீஃப்ளை: தலைகீழாகப் பறக்கும் கலை

ஃப்ரீஃப்ளை, ஸ்கைடைவிங் எனப்படும் வான்குதிப்பின் ஒரு பிரிவு. விமானத்திலிருந்து குதித்தவர் குப்புறப் படுத்த வாக்கிலேயே விழுந்துகொண்டிருக்காமல், தலைகீழாகவும் உட்கார்ந்தும் நின்றும் மல்லாந்தும் விழுகிறார். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் மாறுகிறார். அத்தனை மாற்றத்திலும் உடன் விழுகிறவர்களை விட்டு விலகாமல் இருப்பதுதான் வித்தை. 1990களில் உருப்பெற்ற இந்தக் கலை, சில ஆண்டுகளிலேயே உலகப் போட்டிகளுக்குள் நுழைந்துவிட்டது.

தலைகீழாக நிற்பதே இதன் அடையாளம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. பறப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேகம். குப்புற விழுபவர் மணிக்குச் சுமார் 190 கி.மீ. வேகத்தில் இறங்குகிறார். தலைகீழாக விழுபவரோ 250 முதல் 290 கி.மீ. வரை போகிறார். இந்த வேறுபாடுதான் பின்னால் நுட்பம், கருவி, விதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றி எழுத வைத்தது.

குப்புற விழுந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், உயரத்திலிருந்து குதித்து நெடுநேரம் பாராசூட்டைத் திறக்காமல் விழுபவர்களுக்கு இருந்த பெரிய சிக்கல் சுழற்சி. கை கால் ஒழுங்கில்லாமல் விழும் உடல் பம்பரமாகச் சுற்றத் தொடங்கிவிடும். பிரெஞ்சு வீரர் லியோ வாலாந்தான் 1940களின் இறுதியில் இதற்கு வழி கண்டார். வயிறு தரையைப் பார்க்க, முதுகை வில்லாக வளைத்து, கை கால்களை அகல விரித்தால் உடல் நிலைகொள்ளும். அவரே பின்னாளில் மரச்சிறகு கட்டிப் பறக்க முயன்று, 1956ல் லிவர்பூலில் ஒரு வான்காட்சியில் உயிரிழந்தார். அவர் கண்ட நிலை மட்டும் நிலைத்தது. ஒருவர் கையை ஒருவர் பற்றி வானில் கோலம் அமைக்கும் குழுக்குதிப்பு முழுவதும் அந்த நிலையின் மேல்தான் எழுந்தது. பயிற்சிப் பள்ளிகளும் அதையே சொல்லிக்கொடுத்தன. வேறுவிதமாக விழுவது பிழை என்றே பல காலம் கருதப்பட்டது.

1980களில் அந்தக் கட்டு தளர்ந்தது. அமெரிக்காவில் டியானா கென்ட் ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம் ஆகியவற்றின் அசைவுகளை வானில் நிகழ்த்த, நார்மன் கென்ட் உடன் விழுந்து அவற்றைப் படம் பிடித்தார். ஃப்ரீஸ்டைல் என்ற தனிநபர் கலை அப்படி வளர்ந்தது. பிரான்சில் காலில் பலகை கட்டிக் காற்றில் சறுக்கும் ஸ்கைசர்ஃபிங் தோன்றியது. அதை உலகறியச் செய்தவர்களில் பாட்ரிக் தெ கயார்தோன் முக்கியமானவர். இரண்டிலும் ஆடுபவர் ஒருவர், படம் பிடிப்பவர் ஒருவர். பலர் சேர்ந்து முப்பரிமாணத்தில் பறக்கும் எண்ணம் அப்போது இன்னும் முளைக்கவில்லை.

ஸிப்ஸரும் பந்தும்

அந்த எண்ணத்தை ஒரு பயிற்சி முறையாகவே ஆக்கியவர் ஜெர்மானியரான ஓலாவ் ஸிப்ஸர். 1980களின் பிற்பகுதியிலிருந்தே குப்புறப் படுக்காத நிலைகளைத் தொடர்ந்து சோதித்துவந்த இவர், 1990களின் தொடக்கத்தில் ‘ஃப்ரீஃப்ளை க்ளவுன்ஸ்’ என்ற குழுவை அமைத்தார். மைக் வெயில், ஓமர் அல்ஹெகெலான், சார்லஸ் பிரையன், ஸ்டெஃபானியா மார்த்தினெங்கோ போன்றோர் வெவ்வேறு காலங்களில் அதில் பறந்தார்கள். குழுவின் பெயரிலேயே விளையாட்டு இருந்தது, பயிற்சியோ கடுமையானது.

ஸிப்ஸரின் பங்களிப்பில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது ஒரு சிறு பந்து. டென்னிஸ் பந்தினுள் ஈயக்குண்டுகளை இட்டு எடை ஏற்றி, அது தலைகீழாக விழும் மனிதரின் வேகத்தில் நேராக விழும்படி செய்தார். ‘ஸ்பேஸ் பால்’ என்று அதற்குப் பெயர். வானில் விழும்போது ‘நான் அசையாமல் நிற்கிறேனா, நகர்கிறேனா’ என்பதைத் தனியாகப் பறப்பவரால் அறியவே முடியாது. சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நேராக விழுகிறோம் என்று நம்பிக்கொண்டே ஒருவர் நூற்றுக்கணக்கான மீட்டர் பக்கவாட்டில் போய்விடுவார். பந்து அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்தது. கையிலிருந்து விட்டதும் அது விலகினால் விலகியது பறப்பவர்தான். அது மேலே எழுவதுபோல் தெரிந்தால் அவர் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கைதவறினால் பந்து அதே வேகத்தில் தரையில் மோதும் என்பதால் ஆளில்லாத பரப்புக்கு மேலே மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும்.

நிலைகளும் நுட்பங்களும்

கற்பவர் வழக்கமாக முதலில் பழகுவது சிட்-ஃப்ளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் அமர்வது. தொடை படுக்கையாக, முழங்காலுக்குக் கீழ் செங்குத்தாக, கைகள் பக்கவாட்டில் காற்றின் மேல் ஊன்றியிருக்கும். தொடையும் முதுகும் கைகளும் காற்றைத் தாங்குவதால் அவற்றின் கோணத்தைச் சற்று மாற்றினாலே வேகம் மாறும். காலை நீட்டி எழுந்து நின்றால் வேகம் கூடும். புதியவர்கள் அறியாமல் செய்யும் பிழை முதுகுப்பக்கமாகச் சறுக்குவது. ஆகையால் விமானம் செல்லும் திசைக்குக் குறுக்காக முகம் வைத்துப் பழகச் சொல்கிறார்கள். சறுக்கினாலும் அடுத்து குதித்த குழுவின் பாதையில் போய் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

தலைகீழ் நிலையான ஹெட்-டவுனில் கட்டுப்பாடு பெரும்பாலும் கால்களிடம் இருக்கிறது. கால்களை அகட்டினால் காற்று அதிகம் பிடித்து வேகம் குறையும், ஒடுக்கினால் கூடும். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைக்கும் ‘டாஃபி’ நிலை தொடக்கக்காரருக்கு நிலைத்தன்மை தரும். இந்த நிலைகள் கைவந்த பிறகுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பயிற்சி. மாறும் அந்த அரை நொடியில் வேகத்தை விட்டுவிடாமல் இருப்பது எல்லாவற்றிலும் கடினம்.

ஆபத்து பதுங்கியிருப்பதும் அங்கேதான். தலைகீழாக நால்வர் நெருங்கிப் பறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிலை தடுமாறி, பழைய பழக்கத்தில் உடலைப் பரப்பிக் குப்புறப் படுத்துவிடுகிறார். அவர் வேகம் சட்டென்று மணிக்கு எழுபது, எண்பது கி.மீ. குறைகிறது. மற்றவர்கள் கண்ணுக்கு அவர் நீருக்குள் அமுக்கிவிட்ட தக்கைபோல விருட்டென்று மேலே எழுவார். ‘கார்க்கிங்’ என்றே இதற்குப் பெயர். அவருக்கு நேர் மேலே யாராவது இருந்தால், அந்த வேகத்தில் இரண்டு உடல்கள் மோதும். ஆகவே பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்வது இரண்டு. ஒருவர் தலைக்கு நேர் மேலே பறக்காதே. நிலை தவறினால் பரப்பாதே, வேகம் மாறாத ஒரு நிலைக்குப் போ.

விமானத்திலிருந்து இறங்கும் வரிசையும் வேகத்தால் தீர்மானமாகிறது. மெதுவாக விழும் குப்புறக் குழுக்கள் காற்றில் நெடுநேரம் இருப்பதால் காற்று அவர்களை அதிக தூரம் தள்ளிச் செல்லும். அவர்களை முதலில் அனுப்பிவிட்டு, வேகமாக விழும் ஃப்ரீஃப்ளை குழுக்கள் பின்னால் குதிப்பதே பொது வழக்கம். தரை நெருங்கும்போது ஃப்ரீஃப்ளை வீரர்கள் சற்று உயரத்திலேயே பிரிந்துவிடுகிறார்கள். விலகிச் சென்று, குப்புறத் திரும்பி, வேகத்தைத் தணித்த பிறகே பாராசூட்டைத் திறக்க வேண்டும்.

முதுகுப் பையும் உடையும்

முதுகுப் பையில் பிரதான பாராசூட்டை மூடி வைத்திருப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு வளைந்த உலோக ஊசி. ஒரு துணிக்கயிற்று வளையத்துக்குள் அது செருகியிருக்கிறது. பைலட் சூட் என்ற சிறு குடையைக் காற்றில் எறிந்தால், அதன் நாடா இந்த ஊசியை இழுத்துவிடும். ஊசி நழுவினால் பை திறந்துவிடும். குப்புற விழுபவரின் முதுகு காற்றோட்டத்திலிருந்து ஓரளவு மறைந்திருக்கும், நாடாவின் ஒரு விரற்கடை வெளியே தெரிந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. தலைகீழாகப் போகும்போது காற்று தோள்பக்கத்திலிருந்தும், உட்கார்ந்து போகும்போது பையின் அடியிலிருந்தும் புகுந்து தேடும். தொங்கும் நாடா, தளர்ந்த மடிப்பு, தேய்ந்த பாக்கெட் எதுவானாலும் பிடித்து இழுக்கும்.

அப்படிப் பாராசூட் தானாக விரிந்தால் என்ன ஆகும்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190லிருந்து 260க்கு வேகம் ஏறினால் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. குடைத்துணி கிழியலாம், உடலில் காயம் ஏற்படலாம், மேலே இருந்தவர் விரிந்த குடைக்குள் வந்து விழலாம். இந்த அனுபவங்களே ‘ஃப்ரீஃப்ளைக்கு ஏற்ற பை’ என்ற தனி வகையை உருவாக்கின. தொடைப்பட்டையில் இருந்த பைலட் சூட், பையின் அடிப்பகுதியில் இறுக்கமான எலாஸ்டிக் பாக்கெட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஊசிக்கு மேல் ஆழச் செருகும் மூடி, வெளியே தெரியாத நாடா, தோள்பட்டைப் பகுதியில் உறுதியான மூடிகள் எல்லாம் வந்தன. உட்கார்ந்த நிலையில் தொடைப்பட்டைகள் முழங்காலை நோக்கி நழுவாமலிருக்க இரண்டையும் பின்புறம் இணைக்கும் எலாஸ்டிக் நாடா, குறைந்த விலையில் கிடைக்கும் பெரும் பாதுகாப்பு. கருவி வாங்குகிறவர் நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் பை உடலளவுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தளர்ந்த பை எந்த நிறுவனத்துடையதானாலும் ஃப்ரீஃப்ளைக்கு ஆகாது.

ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991ல் அறிமுகப்படுத்திய சைப்ரஸ் கருவி இந்தக் கலையின் பிறப்போடு ஒட்டியே வந்தது. சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், அது மாற்றுப் பாராசூட்டைத் தானாகவே திறக்கச் செய்யும். ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலித்து உயரத்தைச் சொல்லும் ஆல்டிமீட்டரும் பரவியது. தலைகீழாக இருப்பவருக்கு இது வெறும் வசதி அல்ல. வேகம் கூடியதால் கையில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. 13,000 அடியிலிருந்து குதித்தால் குப்புற விழுபவருக்கு ஒரு நிமிடம்வரை கிடைக்கும் இடத்தில், இவருக்கு முக்கால் நிமிடம்தான்.

உடையில் தொடக்க காலத்தில் தொளதொளப்பே விரும்பப்பட்டது. அகன்ற கால்சட்டை காற்றைப் பிடித்துச் சிட்-ஃப்ளையை எளிதாக்கியது. ஆனால் சட்டை மேலேறி அவசரக் கைப்பிடிகளை மூடிவிடும் அபாயமும் இருந்தது. திறமை வளர வளர உடை உடலோடு ஒட்டியது.

குழுக்களும் போட்டிகளும்

க்ளவுன்ஸுக்குப் பின், 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ‘ஃப்ளைபாய்ஸ்’ புகழ்பெற்றது. ஈலாய் தாம்சன், மைக் ஓர்ட்டிஸ், ஃப்ரிட்ஸ் ப்ஃப்னூர் மூவரும் ஒளிப்பதிவுகள் வழியாகவே உலகெங்கும் மாணவர்களைப் பெற்றார்கள். பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 2000ஐ ஒட்டி ஃப்ரீஃப்ளையைக் கலைப் பிரிவுப் போட்டிகளில் சேர்த்தது. குழுவுக்கு மூவர். இருவர் ஆட, ஒருவர் படம் பிடிப்பார். கட்டாயச் சுற்றுகளையும் சுயமாக அமைத்த சுற்றுகளையும் ஒவ்வொன்றும் 45 நொடிகளுக்குள் நிகழ்த்த வேண்டும். நடுவர்கள் பார்ப்பது படத்தை மட்டுமே. ஆதலால் படம் பிடிப்பவரும் போட்டியாளரே, பதக்கமும் அவருக்கு உண்டு. சுற்றிச் சுழலும் இருவரைத் தானும் சுழன்றுகொண்டே சட்டகத்துக்குள் வைத்திருக்கும் அவர், மூவரில் அதிகம் உழைப்பவர் என்றே சொல்லலாம்.

இந்தப் பிரிவில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர்கள் பிரான்சின் ஃப்ரெட் ஃபூஜென், வின்ஸ் ரெஃபே இணை. ‘சோல் ஃப்ளையர்ஸ்’ என்ற பெயரில் 2014ல் துபாயின் புர்ஜ் கலீஃபா உச்சியிலிருந்து குதித்தார்கள். 2017ல் விங்சூட் என்ற சிறகு உடை அணிந்து பாய்ந்து, ஆல்ப்ஸ் மலையின் மேல் பறந்துகொண்டிருந்த சிறு விமானத்தின் கதவுக்குள் நுழைந்தார்கள். ரெஃபே 2020 நவம்பரில் துபாயில் ஒரு பயிற்சியின்போது காலமானார்.

கலையழகுக்கு மதிப்பெண் என்பது சிலருக்குத் திருப்தி தரவில்லை. அவர்களுக்காக வளர்ந்தது வி.எஃப்.எஸ். எனப்படும் செங்குத்துக் கோலப் போட்டி. நால்வர் தலைகீழாகவும் நிமிர்ந்தும் பறந்தபடி, குலுக்கலில் வந்த கோலங்களை 35 நொடிகளில் எத்தனை முறை முடிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே முடிவு.

பெருங்கோலங்களின் கதை தனி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரின் வான்குதிப்பு மையத்தில் 2009ல் 108 பேரும், 2012ல் 138 பேரும் தலைகீழாகக் கைகோத்தனர். 2015 ஜூலை 31 அன்று, 13ஆவது முயற்சியில், 164 பேர் கோத்தார்கள். 20,000 அடியை ஒட்டிய உயரத்தில் பல விமானங்களிலிருந்து குதித்து, நடுவே அமையும் சிறு வட்டத்தை நோக்கி மற்றவர்கள் பாய்ந்து வந்து, அவரவர்க்குக் குறித்த இடத்தில் குறித்த கையைப் பற்ற வேண்டும். திட்டத்தில் உள்ள ஒரு பிடி விடுபட்டாலும் சாதனை செல்லாது. சில நொடிகளில் வெளிவட்டத்தார் முதலில் கலைய, உள்வட்டத்தார் அலையலையாகப் பிரிந்தார்கள். அரிசோனாவின் எலாய் நகரில் பெண்கள் மட்டும் 2013ல் 63 பேராகவும் 2016ல் 65 பேராகவும் இதைச் செய்தார்கள்.

காற்றுக் குழாய்

1998ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஸ்கைவென்ச்சர் நிறுவனம் திறந்த, கீழிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவைக்கும் செங்குத்துக் காற்றுக் குழாயும் அதன் வழிவந்தவையும் கற்கும் கணக்கையே மாற்றிவிட்டன. ஒரு குதிப்புக்கு முக்கால் நிமிடம் என்றால், குழாயில் ஒரு மணி நேரம் 80 குதிப்புகளுக்குச் சமம். கண்ணாடிச் சுவரே ஸிப்ஸரின் பந்து செய்த வேலையைச் செய்கிறது, விலகினால் இடிக்கும். முதல் உள்ளரங்க உலக சாம்பியன்ஷிப் 2015ல் பிராகில் நடந்தது. சிங்கப்பூரின் கைரா போ, அங்குள்ள சென்தோசா தீவின் குழாயில் எட்டு வயதில் தொடங்கி, 2017ல் ஸ்பெயினின் எம்புரியாபிராவாவில் நடந்த ‘விண்ட் கேம்ஸ்’ காற்றுக் குழாய்ப் போட்டியில் 14 வயதில் இரண்டு தங்கம் வென்றார்.

சில நாடுகளில் 18 வயதுக்கு முன் விமானத்திலிருந்து குதிக்க அனுமதி இல்லை. அதனால் இன்று தலைகீழாகப் பறப்பதில் தேர்ந்த பலர், வானத்தை அறியாமலே வளர்கிறார்கள். வயது வந்து முதன்முறை குதிக்கும்போது, தலைகீழ் நிலை அவர்களுக்குப் பழகியது. நாடாவை உள்ளே செருகுவதும், உயரத்தைப் பார்ப்பதும், குடையைத் திருப்பித் தரையிறங்குவதும்தான் புதிது.